கன்மெட்டல் கோர் பாக்ஸ் இழைப்புளி: எதைத் தொடுவது, எதை விடுவது

சாதாரண இழைப்புளியைக் கவிழ்த்துப் பார்த்தால் அடி தட்டையாக இருக்கும். இதில் தட்டை என்பதே கிடையாது. ஓட்டு வீட்டுக் கூரையைத் தலைகீழாகப் பிடித்த மாதிரி இரண்டு இறக்கைகள் கீழே ஒரு கூர்மூலையில் வந்து சேர்கின்றன. அந்த மூலையில் ஒரு சின்ன வாய், அதில் பிளேடின் முனை மட்டும் எட்டிப் பார்க்கிறது. முழு உடலும் கன்மெட்டல் (செம்போடு வெள்ளீயமும் கொஞ்சம் துத்தநாகமும் கலந்த உலோகம்) வார்ப்பு. கையில் எடுத்தால் இரண்டரைக் கிலோவுக்கு மேல் கனக்கும்.

பேட்டர்ன் வேலை, அதாவது வார்ப்பு அச்சுக்கான மர மாதிரிகளைச் செய்யும் வேலை, செய்தவர்கள் பார்த்ததுமே சொல்லிவிடுவார்கள், இது கோர் பாக்ஸ் இழைப்புளி என்று. மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். பம்பு உடலோ குழாய் வளைவோ வார்க்கும்போது உள்ளே வெற்றிடம் வேண்டும். அதற்கு மணலில் ஒரு உருளை செய்து அச்சுக்குள் வைப்பார்கள். அதுதான் கோர். அந்த மணல் உருளையை வடிக்க மரத்தில் குடைந்த பெட்டி தேவை. பெரும்பாலும் அரைவட்டப் பள்ளமாக ஒரு பாதி குடைந்து, இரண்டு பாதிக் கோர்களை ஒட்டி முழு உருளை ஆக்குவார்கள். பள்ளம் சரியான அரைவட்டமாக இல்லையென்றால் கோர் முட்டை வடிவமாகும். வார்ப்பின் சுவர் ஒரு பக்கம் தடித்து, ஒரு பக்கம் மெலியும்.

இங்கேதான் இந்த இழைப்புளியின் அழகு. அரைவட்டத்தில் அமையும் கோணம் செங்கோணம் என்று பள்ளியில் படித்தோமே, அதையே ஒருவர் உலோகத்தில் வார்த்து வைத்திருக்கிறார். பள்ளத்தின் இரண்டு விளிம்புகளிலும் இரண்டு இறக்கைகளும் சாய்ந்திருக்க, மூலை எங்கே நகர்ந்தாலும் அது அரைவட்டத்தின் மேல்தான் நிற்கும். மூலையில் பிளேடு இருப்பதால் அது வெட்டுவதும் அரைவட்டம்தான். 50 மி.மீ. விட்டமா, 80 மி.மீ. விட்டமா என்று அளவு மாற்ற எந்தத் திருகையும் திருப்ப வேண்டாம். விளிம்புக் கோடுகளைச் சரியாகப் போட்டால் போதும், ஆரத்தை அந்தக் கோடுகளே முடிவு செய்துவிடும்.

அமெரிக்காவின் ஸ்டான்லி கம்பெனி 57 என்ற எண்ணில் இதே தத்துவத்தை வார்ப்பிரும்பில் செய்து, 1896 முதல் 1940-களின் தொடக்கம்வரை விற்றது. என்னிடம் இருப்பது அது இல்லை. எந்தக் கம்பெனி பெயரும் இதில் இல்லை. ஒரு பேட்டர்ன் மேக்கர் தன் கையால் மரத்தில் பேட்டர்ன் செய்து, தான் வேலை செய்த ஃபவுண்டரியிலேயே வார்த்து எடுத்த கருவி. பல நாட்டுப் பேட்டர்ன் பட்டறைகளிலும் இந்தப் பழக்கம் உண்டு. வார்ப்பதற்கு உலையும் மணலும் பக்கத்திலேயே இருக்கும்போது கடைக்குப் போவானேன்.

கோயம்புத்தூரில் கணபதிப் பக்கம் ஒரு பேட்டர்ன் பட்டறையை மூடும்போது இது எனக்கு வந்தது. 1932-இல் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு இந்த ஊரில் மில்கள் பெருகின, மில்களை ஒட்டி மோட்டாரும் பம்பும், அவற்றை ஒட்டி ஃபவுண்டரிகளும் பெருகின. ஃபவுண்டரி இருந்த இடமெல்லாம் பேட்டர்ன் மேஸ்திரிகளும் இருந்தார்கள். இப்போது மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகையை, கணினி இயக்கும் சிஎன்சி ரௌட்டர் குடைந்து தந்துவிடுகிறது. பட்டறைப் பெரியவர் தன் குருநாதர் கையிலிருந்து வாங்கிய இந்தக் கருவியை என்னிடம் கொடுக்கும்போது சொன்னது இதுதான்: “வேலைக்கு ஆகும்னா வெச்சுக்குங்க தம்பி. ஷோகேஸ்ல வைக்கறதுக்குன்னா வேண்டாமுங்க.” கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார்: “என்ன வேணாப் பண்ணுங்க, மூலையை மட்டும் தொட்டுறாதீங்க. மூலை போச்சுன்னா அப்புறம் பழைய பித்தளை வெலைதான்.”

அதனால் வேலை செய்ய வைப்பதா வேண்டாமா என்ற கேள்வியே எனக்கு இல்லை. அதற்காக எதையெல்லாம் மாற்றலாம், எதில் கை வைக்கக் கூடாது என்பதுதான் கேள்வி.

கையில் வந்தபோது இருந்த நிலை

உடல் முழுக்கக் கறுத்த தவிட்டு நிறம். வாயைச் சுற்றியும், இரண்டு இறக்கைகளையும் இணைக்கும் குறுக்குப் பாலத்தின் அடியிலும் பச்சைக் களிம்பு. வலது இறக்கையில், வாயின் உள்மூலையிலிருந்து கிளம்பி வெளியே போகும் முடி போன்ற ஒரு கோடு. விரிசலா கீறலா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியவில்லை. பிளேடு பின்பக்கம் துரு தின்று குழி விழுந்திருந்தது. பிளேடை அழுத்தும் திருகு தொளதொளவென்று ஆடியது. பிளேடுக்குப் பின்னால் இரண்டு இறக்கைகளுக்கும் நடுவே ஈட்டி மரக் கட்டை ஒன்று செருகியிருக்கிறார்கள். அது காய்ந்து சுருங்கி ஆடிக்கொண்டிருந்தது. அதன் மேல் இருந்த பழைய கைப்பிடி எப்போதோ உடைந்து, யாரோ ஒரு அரத்தின் கைப்பிடியைக் கோணலாக முடுக்கியிருந்தார்கள்.

நல்ல விளக்குக்கு அடியில் வைத்துப் பார்த்தபோது வேறு சில விஷயங்களும் தெரிந்தன. இறக்கைகளின் உள்பக்கம் மூலை அருகே தடித்து, வெளி விளிம்பை நோக்கி மெல்ல மெலிகிறது. மணலிலிருந்து பேட்டர்னை உருவி எடுக்கக் கொடுத்த சரிவு அது. பாலத்தின் அடியில், விரல் நுழையும் இடத்தில், வளைவு உளி மரத்தை அள்ளிய தடங்கள் வரிசையாக இருக்கின்றன. உலோகத்தில் உளி அப்படி அள்ளாது. மரப் பேட்டர்னில் விழுந்த உளித்தடம் மணலில் பதிந்து, மணலிலிருந்து கன்மெட்டலுக்கு வந்திருக்கிறது. யாரும் பார்க்கமாட்டார்கள் என்று இதைச் செய்தவர் அந்த இடத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்க்காமல் விட்டிருக்க வேண்டும். வாயின் ஓரங்களில் அரத்தின் குறுக்குக் கோடுகள் அப்படியே நிற்கின்றன. இடது இறக்கையின் உள்பக்கம், பாத்திரக்கடையில் பெயர் வெட்டுவது போலப் புள்ளி புள்ளியாகக் குத்திய ‘ரா’ என்ற ஒற்றை எழுத்து.

அளவுகளும் பேசின. நீளம் 203 மி.மீ., இறக்கையின் அகலம் 95 மி.மீ.; அங்குலத்தில் 8, மூன்றே முக்கால் என்று முழுசாக வந்து உட்காருகின்றன. திருகு மரையில் கேஜ் வைத்தால் கால் அங்குல விட்வொர்த் (பழைய பிரிட்டிஷ் மரை அளவு), அங்குலத்துக்கு 20 இழை. மெட்ரிக் முறை நம் பட்டறைகளுக்குள் வருவதற்கு முந்தைய கை.

பளபளப்பு வேண்டாம் என்று முடிவெடுத்தது

பார்த்தவர்கள் எல்லாரும் முதலில் சொன்னது புளி. “புளி போட்டுத் தேய்ச்சா தங்கம் மாதிரி வந்துரும்” என்றார்கள். பீதாம்பரிப் பவுடர் என்றார் ஒருவர். பஃபிங் சக்கரத்தில் காட்டினால் ஒரு மணி நேர வேலை என்றார் இன்னொருவர். நியாயமான ஆசைதான், கறுத்த பித்தளையைப் பார்த்தால் நமக்கெல்லாம் கை துறுதுறுக்கும்.

புளியில் உள்ள அமிலம் கறுப்பையும் களிம்பையும் கரைக்கும், அது உண்மை. ஆனால் முடி போன்ற கோடு விரிசலாக இருந்தால், அதற்குள் போன அமிலத்தை எவ்வளவு தண்ணீர் ஊற்றியும் முழுசாகக் கழுவ முடியாது. உள்ளே இருந்துகொண்டு அரித்துக்கொண்டே இருக்கும். பஃபிங் சக்கரம் இன்னும் மோசம்: ஓரங்களை எல்லாம் மழுக்கிவிடும். ‘ரா’ எழுத்தின் புள்ளிகளும் பாலத்தடி உளித்தடங்களும் அரை மில்லிமீட்டர் ஆழம்கூட இல்லாதவை.

அதனால் உள்பக்கங்களுக்கு வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு துளி பாத்திர சோப்பு, பழைய பல்துலக்கும் பிரஷ், இவ்வளவுதான். பச்சைக் களிம்பை மூங்கில் குச்சியைச் சீவிக் கூராக்கிச் சுரண்டி எடுத்தேன். மூங்கில் கன்மெட்டலைவிட மென்மை, கீறல் விழாது. ஹேர் டிரையரில் நன்றாகக் காயவைத்து, மெழுகைத் துணியில் தொட்டு மெல்லிசாக ஒரு பூச்சு. நிறம் கறுப்புதான், ஆனால் அழுக்குக் கறுப்பு போய்விட்டது.

மூலைக்கு வருவோம்

பழைய இழைப்புளி கிடைத்தால் நாம் செய்யும் முதல் வேலை, கண்ணாடிமேல் உப்புத்தாளை ஒட்டி அடியைத் தேய்த்துச் சமமாக்குவது. இரும்பு இழைப்புளிகளுக்கு நானும் அதைத்தான் செய்வேன். இதில் அதைச் செய்யலாமா என்று யோசித்தபோதுதான், ‘மூலையைத் தொடாதீங்க’ என்று பெரியவர் சொன்னதன் முழு அர்த்தமும் கணக்காக வந்தது.

இறக்கைகளுக்கு இடையே 90 பாகை இருந்தால் பள்ளத்தின் ஆழம் சரியாக விட்டத்தில் பாதி. கோணம் 89 ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 80 மி.மீ. விட்டமுள்ள பெட்டியில் ஆழம் 40-க்குப் பதில் 40.7 ஆகிவிடும். இரண்டு பாதிக் கோர்களையும் ஒட்டினால் ஒரு திசையில் 80 மி.மீ., இன்னொரு திசையில் 81.4. சுவர் 6 மி.மீ. தடிப்பு என்று வரைபடம் சொல்லும் இடத்தில் 5.3 தான் நிற்கும். ஒரே ஒரு பாகைக்கு இவ்வளவு.

சரி, இப்போது கோணம் எவ்வளவு இருக்கிறது? எஞ்சினியர் மூலைமட்டத்தின் உள்பக்கத்தில் இறக்கைகளை உட்கார வைத்து, பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தேன். இடது இறக்கை முழுக்க ஒட்டி உட்கார்ந்தது. வலது இறக்கையில் மூலை அருகே இருட்டு, வெளி விளிம்பை நோக்கிப் போகப்போக மெல்லிசாக ஒளிக்கோடு. இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள் கொண்ட ஃபீலர் கேஜில் 0.10 மி.மீ. தகடு விளிம்போரம் நுழைந்தது, 0.15 நுழையவில்லை. முன்னாலும் நடுவிலும் பின்னாலும் பார்த்தேன், அதேதான்.

90 மி.மீ. தூரத்தில் 0.1 மி.மீ. இடைவெளி என்றால் கோணத்தில் குறைவு ஒரு பாகையில் பதினைந்தில் ஒரு பங்கு. 80 மி.மீ. பெட்டியில் அதனால் ஆழம் மாறுவது 0.05 மி.மீ.கூட இல்லை. மரப் பெட்டிக்கு வார்னிஷ் அடித்தால் ஏறும் தடிப்பு இதைவிட அதிகம். மணல் கோருக்கு இது ஒரு பொருட்டே இல்லை.

இதைச் சரிசெய்யப் போனால் என்ன ஆகும் என்று பாருங்கள். ஒரு இறக்கை முழுவதையும் ஆப்பு வடிவில், ஒரு ஓரத்தில் பூஜ்யம், மறு ஓரத்தில் 0.1 என்று தேய்த்து எடுக்க வேண்டும். கையால் தேய்க்கும்போது கட்டாயம் ஆட்டம் வரும், ஓரங்கள் உருண்டுவிடும். பிறகு இறக்கை விளிம்பில் ஒரே மாதிரி உட்காராது. போதாக்குறைக்கு கன்மெட்டல் மென்மையான உலோகம். உப்புத்தாளின் துகள்கள் அதில் புதைந்துகொள்ளும். அந்தத் துகளோடு மரத்தின் மேல் ஓட்டினால் விளிம்புகளைத் தேய்த்துக்கொண்டே போகும். ஆக, இருக்கும் பிழையைவிடப் பெரிய பிழையை நானே செய்து வைப்பேன். மில்லிங் மெஷினில் கொடுத்தால் கோணம் சரியாக வரும், ஆனால் மூலை உள்ளே தள்ளிப்போகும், வாய் அகலமாகும், அவர் அரத்தால் இழைத்து வைத்த பரப்பு முழுசாகப் போகும்.

எனவே அடிப்பரப்புகளை அளந்ததோடு சரி. மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, மர உரசலில் ஏறியிருந்த பழைய பிசினை மட்டும் எடுத்தேன். பழைய கருவியைச் சீர்செய்ய உட்காரும் எல்லாரிடமும் நான் கேட்டுக்கொள்வது இது: தேய்ப்பதற்கு முன் அளந்து பாருங்கள், அந்த அளவு செய்யப்போகும் வேலையில் எவ்வளவாகத் தெரியும் என்று கணக்குப் போடுங்கள். பாதி இடங்களில் தேய்க்கவே வேண்டியிருக்காது.

விரிசல்

ஃபவுண்டரிகளில் விரிசல் பார்க்கச் சிவப்புச் சாயமும் வெள்ளை டெவலப்பரும் ஸ்பிரே டப்பாவில் வைத்திருப்பார்கள். அது வருவதற்கு முன்னால் பழைய ஆட்கள் மண்ணெண்ணெயும் சுண்ணாம்பும் வைத்துப் பார்ப்பார்கள். நானும் அப்படியே பார்த்தேன். இறக்கையின் உள்பக்கம் கோட்டின் மேல் மண்ணெண்ணெயைத் தடவி ஊறவிட்டு, வெளிப்பக்கத்தை நன்றாகத் துடைத்துக் காயவைத்து, அதன் மேல் வெள்ளைச் சாக்பீஸைக் கனமாகத் தேய்த்தேன். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் வாயின் உள்மூலையில் முதலில் ஒரு புள்ளி ஈரமானது, அதிலிருந்து வெள்ளைக்கு நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு கோடு வளைந்து வளைந்து ஊர்ந்தது. வெர்னியரில் 14 மி.மீ. அதற்கு மேல் போகவில்லை. உள்பக்கம் தடவியது வெளிப்பக்கம் வந்ததால் இறக்கையின் தடிப்பு முழுக்க ஊடுருவிய விரிசல்.

எங்கே தொடங்கியிருக்கிறது என்பதைப் பார்த்தால் காரணம் தெரியும். வாயைச் சதுரமாக அரத்தால் வெட்டியபோது உள்மூலைகளைக் கூராக விட்டிருக்கிறார். கூரான உள்மூலையில்தான் அழுத்தம் வந்து குவியும். எப்போதோ கீழே விழுந்திருக்கும், விழுந்த வேகம் அந்த மூலையில் வந்து கிழித்திருக்கும்.

வெள்ளிப் பற்று வைத்து பிரேசிங் செய்தால் மூடிவிடலாம். ஆனால் அதற்கு 650 பாகைக்கு மேல் சூடேற்ற வேண்டும். ஒரு இறக்கையின் நடுவில் அவ்வளவு சூடு ஏறி இறங்கினால் ஆறும்போது அது இழுக்கும். கோணம் எங்கே போய் நிற்கும் என்று யாராலும் உத்தரவாதம் தர முடியாது. அப்புறம் மில்லிங், அப்புறம் மேலே சொன்னது எல்லாம். விரிசலின் முனையில் 2 மி.மீ. துளை போட்டு அது மேலும் ஓடாமல் நிறுத்துவது இன்னொரு வழி. நல்ல வழிதான். ஆனால் துளை போட்டால் போட்டதுதான். திரும்ப எடுக்க முடியாது. தேவையா என்று முதலில் தெரிய வேண்டும்.

இரண்டு இறக்கைகளின் வெளி விளிம்புகளுக்கு நடுவே டயல் கேஜ் பொருத்தினேன். ஒரு தேக்குக் கட்டையில் வெட்டிய பள்ளத்தின் விளிம்புகளில் இழைப்புளியை உட்கார வைத்து, வேலை செய்யும்போது அழுத்துவதைவிடக் கூடுதலாகவே இரண்டு கையாலும் அழுத்தினேன். முள் 0.02 மி.மீ. நகர்ந்தது. கையை எடுத்ததும் பூஜ்யத்துக்கே திரும்பியது. பக்கவாட்டில் அழுத்தியும் பார்த்தேன், வித்தியாசம் இல்லை. இந்தக் கருவி எடுக்கும் சீவல் நூல் தடிப்புதான், அதற்கு வரும் விசையும் அவ்வளவுதான். விரிசல் இருக்கிறது, ஆனால் வேலையில் அது வாய் திறப்பதில்லை. எனவே துளையும் இல்லை, பற்றும் இல்லை. விரிசலின் முனையோடு ஸ்கேலை வைத்து நெருக்கமாகப் படம் எடுத்து வைத்திருக்கிறேன். 14 மி.மீ. என்பது 15 ஆகிறதா என்று அவ்வப்போது சாக்பீஸ் போட்டுப் பார்ப்பேன். ஆகிவிட்டால் அன்றைக்கே துளை.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் உலோகத்தை எடுத்தேன். வாயின் எதிர்ப்பக்க உள்மூலை, இடது இறக்கையில் விரிசல் இல்லாமல் இன்னும் கூராக இருப்பது. அதே காரணம் அங்கேயும் காத்திருக்கிறது. ஊசி அரத்தில் உருண்டையானதை எடுத்து, அந்த மூலையை அரை மில்லிமீட்டர் ஆரத்துக்கு உருட்டிவிட்டேன். அவருடைய அரக்கோடுகளில் சிலது போனது எனக்கு வருத்தம்தான். ஆனால் இன்னொரு விரிசல் வந்தால் கருவியே போய்விடும். அங்கே தயங்க இடமில்லை.

பிளேடும் திருகும்

பிளேடு பழைய தட்டை அரத்திலிருந்து செய்தது. மேல்முகத்தில் அரத்தின் பற்கள் பாதி தேய்ந்தும் பாதி நிற்பதும் தெரிகின்றன. முனையிலிருந்து 5 மி.மீ. வரை பின்முகத்தில் குழிகள். வெட்டுமுனை நிற்க வேண்டுமென்றால் பின்முகம் கண்ணாடியாக இருக்க வேண்டும், குழி இருந்தால் முனையில் பல் விழுந்த மாதிரி வெட்டும். குழிகளைத் தாண்டும்வரை சாணை பிடித்தால் பிளேடு திருகின் பிடிக்குள் நிற்கும் அளவுக்குக்கூட மிஞ்சாது.

அதை அப்படியே எண்ணெய் தடவி, மெழுகுத்தாளில் சுற்றி வைத்துவிட்டேன். அவர் செய்த வழியிலேயே இன்னொன்று செய்வதுதான் பொருத்தமாகப் பட்டது. தேய்ந்த அரம் ஒன்றை அதே அகலத்துக்குச் சாணை பிடித்தேன். ஒவ்வொரு தடவையும் தண்ணீரில் முக்கி, நீலம் ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நீலம் ஏறினால் அந்த இடத்தில் உறுதி போய்விட்டது என்று அர்த்தம். அரம் அப்படியே பிளேடுக்கு மிகக் கடினம். முனை பொடிப்பொடியாக உதிரும். அதனால் வீட்டு ஓவனில் 200 பாகையில் வைத்து, தேய்த்த முகத்தில் வைக்கோல் மஞ்சள் நிறம் வரும்வரை பதம் இறக்கினேன்.

முனையின் வடிவத்தில்தான் கவனம். முன்னாலிருந்து பார்க்கும்போது இரண்டு வெட்டோரங்களும் சேரும் கோணம் 90-ஐவிடக் குறைவாக இருக்க வேண்டும். 90-ஆகவே இருந்தால், இழைப்புளி விளிம்புக்குப் பக்கத்தில் போகும்போது பிளேடின் ஓரம் விளிம்பையே கொறித்துவிடும். விளிம்பு போனால் இறக்கைக்குச் சாய இடமில்லை, வட்டமும் போச்சு. பழைய பிளேடில் வெர்னியர் புரொட்ராக்டர் வைத்துப் பார்த்தேன், 80-க்குப் பக்கம். அதையே எடுத்துக்கொண்டேன்.

திருகு ஆடியதற்குக் காரணம் எளிது. யாரோ மூலத் திருகைத் தொலைத்துவிட்டு எம்6 (6 மி.மீ. மெட்ரிக்) போல்ட்டைத் திணித்திருக்கிறார்கள். கால் அங்குலம் 6.35 மி.மீ.; எம்6 அதைவிடச் சின்னது, மரை இடைவெளியும் வேறு. முறுக்க முறுக்கக் கன்மெட்டல் மரையின் தலைகளை அது நசுக்கியிருந்தது. நல்லவேளை அடியில் உள்ள இழைகள் பிழைத்திருக்கின்றன. விட்வொர்த் டேப்பைக் கையாலேயே மெல்ல ஓட்டிச் சுத்தம் செய்து, கால் அங்குல விட்வொர்த் திருகைக் கொஞ்சம் நீளமாகவே போட்டேன். பழைய மில் மெஷின்களுக்காக இந்த ஊர் ஹார்ட்வேர் கடைகளில் அந்த மரை இன்னும் கிடைக்கிறது. இரும்புத் திருகு கன்மெட்டலோடு கடித்துக்கொள்ளாமல் இருக்க ஒரு துளி கிரீஸ்.

ஓட்டிப் பார்த்தது

பட்டறைக் கழிவில் கிடந்த பழைய தேக்குக் கட்டையின் மேல் 64 மி.மீ. இடைவெளியில் இரண்டு கோடுகள், இரண்டு முனைகளிலும் கவராயத்தால் அரைவட்டம். கோடுகளின் உள்ளோரமாக ரம்பத்தால் சிறிது ஆழம் அறுத்துவிட்டால் இறக்கைகளுக்குச் சுத்தமான விளிம்பு கிடைக்கும். நடுவில் உள்ள மரத்தை வளைவு உளியால் அரைவட்டத்துக்குள்ளேயே அள்ளி எடுத்துவிட வேண்டும்; இழைப்புளியை வைத்து எல்லா மரத்தையும் எடுக்கப் போனால் விடிந்துவிடும்.

பிளேடை மூலையிலிருந்து மிகச் சிறிதாக நீட்டி, ஒரு விளிம்பின் பக்கமிருந்து தொடங்கினேன். சீவல் சுருளாக வராது, நூல் நூலாக வரும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் இழைப்புளி தானாகவே கொஞ்சம் கீழே இறங்கித் திரும்புகிறது. கையால் திருப்ப வேண்டியதில்லை. அடியின் நடுவரை வந்ததும் நிறுத்திவிட்டு எதிர் விளிம்பிலிருந்து தொடங்க வேண்டும். இரண்டும் நடுவில் சந்திக்கும் இடத்தில் ஒரு மெல்லிய வரப்பு நிற்கும். பிளேடை இன்னும் உள்ளே இழுத்து அதன் மேல் ஓட்டினால் அது போய்விடும்.

சோதனைக்கு மூலைமட்டம். அதன் வெளிமூலையில் நீலச் சாக்பீஸைத் தேய்த்து, இரண்டு கைகளும் இரண்டு விளிம்பில் சாயும்படி பள்ளத்துக்குள் வைத்து இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் சுழற்றினேன். பள்ளத்தின் குறுக்கே விளிம்பிலிருந்து விளிம்புவரை நீலக் கோடு விடாமல் விழுந்தது. அடிநடுவில் கொஞ்சம் வெளிறித் தெரிந்தது. ஆழம் 32.1. பிளேடு நீட்டிய அளவையும் அந்த 0.1 மி.மீ. இடைவெளியையும் சேர்த்தால் வரவேண்டிய அளவுதான்.

பட்டறைப் பெரியவரிடம் கட்டையைக் கொண்டுபோய்க் காட்டினேன். கட்டைவிரலைப் பள்ளத்தில் நீளவாக்கில் ஓட்டிப் பார்த்துவிட்டு, “வார்னிஷ் ரெண்டு கை அடிங்க தம்பி, இல்லீனா மணல் ஒட்டும்” என்றார். மூலையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, கருவியைக் கவிழ்த்து அவரே பார்த்துக்கொண்டார்.

மிச்சம் இருப்பது கைப்பிடி. சுருங்கிய ஈட்டிக் கட்டையைக் கழற்றவில்லை. இருபக்கமும் ஈட்டியிலேயே மெல்லிய சீவல் செருகி, பசை இல்லாமல் இறுக்கியிருக்கிறேன். தேவைப்பட்டால் தட்டி எடுத்துவிடலாம். கோணலாக நிற்கும் அரக் கைப்பிடி ஓட்டும்போது உள்ளங்கையைக் குத்துகிறது, அது போகத்தான் வேண்டும். அது மூலக் கருவியைச் சேர்ந்ததும் இல்லை. உடைந்த பழைய கைப்பிடியின் அடிக்கட்டு கட்டையின் மேல் இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பதால் அதன் அகலமும் சாய்வும் தெரிகின்றன. அந்தச் சாய்வுக்கு ஏற்ற ஈட்டித் துண்டு ஒன்றைப் பட்டறை நிழலில் காயப் போட்டிருக்கிறேன். நன்றாகக் காய்ந்த பிறகுதான் செதுக்குவேன். அதுவரை கையில் துணி சுற்றிக்கொண்டு, 75 மி.மீ. கோர் பெட்டி ஒன்றின் பழைய பள்ளத்தைச் சரிசெய்யும் வேலை போய்க்கொண்டிருக்கிறது.